வெளிச்சம் எங்கே விழுகிறது?

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். தென்காசிப் பக்கம் ஒரு சிற்றூர். அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. வலது கண்ணில் புரை அறுவை சிகிச்சை ஆகிவிட்டது. இடது கண்ணுக்கு இன்னும் ஆகவில்லை. ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் நாலு வீடு தள்ளி இருக்கும் சித்தியைப் பார்த்து அரைமணி நேரம் பேசிவிட்டு வருவது அவள் வழக்கம். இந்த முறை அவள் கிளம்பவில்லை. ஏன் என்று கேட்டேன்.

“தெருவுக்குப் புது லைட்டு போட்டிருக்காவல்லா. வெளிச்சம் கூடிட்டு, ஆனா தரை தெரிய மாட்டேங்கு. ரெண்டு கம்பத்துக்கு நடுவுல வந்தா குழி எது, நாய் எதுன்னு ஒரு நெதானமும் இல்ல.”

இருபது வருடங்களாக நான் பார்த்துவரும் வேலை இதுதான். விளக்கிலிருந்து கிளம்பும் ஒளி எங்கே போய் விழ வேண்டும் என்று தீர்மானிக்கும் லென்ஸ்களையும் ரிஃப்ளெக்டர்களையும் வடிவமைக்கிறேன். ஒளியியல் பொறியாளர் என்று பெயர். அம்மாவின் குறைக்குக் காரணம் அவள் கண் மட்டும் அல்ல என்று கேட்டவுடனேயே தோன்றியது. ஆனால் அளக்காமல் பேசக் கூடாது. பையில் எப்போதும் ஒரு லக்ஸ் மீட்டர் இருக்கும். மறுநாள் எட்டு மணிக்கு மேல் தெருவில் இறங்கினேன். இரண்டு கம்பங்களுக்கு இடையே தரையில் சுண்ணாம்புக் கட்டியால் 15 புள்ளிகள் குறித்து, ஒவ்வொன்றின் மேலும் மீட்டரை வைத்து எழுதிக்கொண்டேன். கோலம் போடுகிறேன் என்று நினைத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். பிறகு மீட்டரை வாங்கி அவர்களே அளந்தார்கள்.

கம்பத்தடியில் 21 லக்ஸ். இரண்டு கம்பங்களுக்கும் சரிபாதியில் 0.8. பதினைந்து புள்ளிகளின் சராசரி ஏறக்குறைய 6.

இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொதுச் சாலைகளுக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பதற்கு இந்தியாவில் ஐஎஸ் 1944 என்ற தரநிலை இருக்கிறது. அதன் 1970-ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே கணக்கு இருக்கிறது. வாகன நெரிசல் உள்ள முக்கியச் சாலைக்கு அது கேட்கும் சராசரி 30 லக்ஸ். போக்குவரத்துக் குறைந்த சிறு தெருவுக்கு 4 லக்ஸ் போதும். அந்தக் கணக்கில் எங்கள் தெருவுக்கு வெளிச்சம் குறைவே இல்லை; தேவைக்கு மேலேயே இருக்கிறது. ஆனால் அதே தரநிலை இன்னொன்றையும் கேட்கிறது. தெருவில் மிகக் குறைவாக வெளிச்சம் விழும் இடம், சராசரியில் குறைந்தது பத்தில் மூன்று பங்காவது பெற வேண்டும். எங்கள் தெருவில் அது பத்தில் ஒன்றரைப் பங்குகூட இல்லை. அம்மா தடுமாறுகிற இடம் அதுதான்.

முழுநிலா அன்று தரையில் விழும் வெளிச்சம் கால் லக்ஸ் அளவுதான். அந்தக் கால் லக்ஸில் அம்மா இந்தத் தெருவில் அறுபது வருடமாக நடந்திருக்கிறாள். இப்போது அதைவிட மூன்று மடங்கு வெளிச்சம் இருக்கும் இடத்தில் குழி தெரியவில்லை என்கிறாள். இரண்டும் உண்மை. நிலவொளி தெரு முழுக்கச் சமமாகப் பரவும். கண் அதற்குப் பழகிக்கொள்ளும். இங்கே 21-லிருந்து ஒன்றுக்குக் கீழே இருபது இருபத்தைந்து அடி எடுத்து வைப்பதற்குள் இறங்க வேண்டியிருக்கிறது. போதாததற்கு, அடுத்த கம்பத்து விளக்கின் எல்இடிப் புள்ளிகள் நேராகக் கண்ணுக்குள் குத்துகின்றன. வயதானால் கண்ணின் பாவை சுருங்கும், லென்ஸ் மஞ்சளாகும். அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்கு இருபது வயதுக்காரருக்குப் போவதில் மூன்றில் ஒரு பங்கு ஒளிதான் போய்ச் சேர்கிறது. புரை விழுந்த கண்ணிலோ, நுழையும் ஒளி உள்ளேயே சிதறி, பார்க்க வேண்டிய காட்சியின் மேல் ஒரு வெள்ளைத் திரையாகப் படர்ந்துவிடும். பழைய நாலடி டியூப்லைட்டில் இந்தக் குத்தல் கிடையாது. அதே ஒளி நாலடி நீளத்தில் பரவிக் கிடந்தது. இப்போது அது மிளகளவு புள்ளிகளிலிருந்து வருகிறது.

நடுவில் ஏன் இருட்டு? ஆறு மீட்டர் உயரத்தில் விளக்கு. கம்பத்துக்குக் கம்பம் 30 மீட்டர். நடுப்புள்ளிக்குப் போகும் கதிர் ஏறக்குறைய 68 டிகிரி சாய்ந்து போகிறது. அது அதிக தூரம் போகிறது, தரையில் படுக்கையாக விழுகிறது, எல்இடியும் பக்கவாட்டில் குறைவாகவே ஒளி விடுகிறது. மூன்றையும் பெருக்கினால், கம்பத்தடியில் நூறு பங்கு விழும்போது நடுவில் இரண்டு பங்குதான் விழும். இரு பக்கத்து விளக்கும் சேர்ந்து நாலு பங்கு. என் மீட்டர் காட்டியதும் அதுதான். அந்த விளக்கில் லென்ஸே இல்லை. எல்இடியை ஒரு தட்டில் பதித்து மேலே கண்ணாடி மூடியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

லென்ஸ் போட்டிருந்தால், கம்பத்தடியில் வீணாகக் குவியும் ஒளியில் ஒரு பகுதியை எடுத்து இரண்டு பக்கமும் தள்ளியிருக்கலாம். அப்படி வடிவமைத்த விளக்கின் ஒளிப்பரவலைத் தாளில் வரைந்தால் வௌவால் சிறகை விரித்த மாதிரி இருக்கும். நாங்கள் வௌவால் சிறகு என்றே சொல்வோம். எவ்வளவு தள்ளுவது என்பதில்தான் வேலையே இருக்கிறது. நடுவையும் அடியையும் சமமாக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், 68 டிகிரி திசையில் நேர்கீழே போவதைப் போலப் பத்து மடங்கு செறிவு வேண்டும்; அது அத்தனையும் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். ஆகவே எங்கே விட்டுக்கொடுப்பது என்று பார்த்துப் பார்த்துச் செதுக்க வேண்டும். சில தெருக்களில் லென்ஸால் ஆவதே இல்லை, இடையில் ஒரு கம்பம் நட்டால்தான் தீரும். அப்போது அதைச் சொல்லிவிட வேண்டும்.

இந்தக் கணக்குக்குப் பெரிய படிப்பு வேண்டாம். பதினோராம் வகுப்பு முக்கோணவியல் போதும். ஆனால் நான் பார்த்த தெருவிளக்கு ஒப்பந்தப்புள்ளிகளில் வாட் இருக்கும், ஒரு வாட்டுக்கு எத்தனை லூமென் என்று இருக்கும், உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்று இருக்கும். தரையில் எந்தப் புள்ளியில் எவ்வளவு விழ வேண்டும் என்ற வரி அபூர்வம். மாட்டிய பிறகு யாராவது போய் அளந்தார்களா என்றால் அதுவும் அபூர்வம். தேசியத் தெருவிளக்குத் திட்டம் 2015 ஜனவரியில் தொடங்கியது. அதன்பின் ஊர் ஊராகச் சோடியம் விளக்கும் டியூப்லைட்டும் இறங்கி எல்இடி ஏறியது. மின்சாரம் மிச்சமாகிறது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மிச்சமான மின்சாரத்தைக் கணக்குப் பார்த்த அளவுக்கு, மீதி மின்சாரம் கொடுத்த வெளிச்சம் எங்கே விழுந்தது என்று நாம் கணக்குப் பார்க்கவில்லை. பார்க்கத் தெரிந்தவர்களைப் போதுமான அளவு உருவாக்கவும் இல்லை. என் ஆதங்கம் இந்த இரண்டாவதில்தான்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த வழியைச் சொன்னால் அது புரியும்.

அப்பா தியேட்டர் ஆபரேட்டர். கார்பன் காலத்து ஆபரேட்டர். புரொஜெக்டருக்குப் பின்னால் இருக்கும் விளக்குப் பெட்டிக்குள் இரண்டு கார்பன் குச்சிகள் எதிரெதிரே நிற்கும். நடுவில் சின்ன இடைவெளி. அதில் பொறி பாய்ந்தால் நேராகப் பார்க்க முடியாத ஒரு வெள்ளை. அதற்குப் பின்னால் சோற்றுத்தட்டைவிடப் பெரிதாக ஒரு குழிக்கண்ணாடி. குச்சிகள் எரிய எரியக் குட்டையாகும், இடைவெளி கூடும். அப்பா கறுப்புக் கண்ணாடிச் சில்லு வழியே பார்த்துப் பார்த்துத் திருகைத் திருப்பி அவற்றை நெருக்கிக்கொண்டே இருப்பார். பொறி இருக்க வேண்டிய இடத்தைவிட்டு ஒரு நூல் நகர்ந்தாலும் திரையின் ஓரத்தில் நீலம் தட்டும், இல்லையென்றால் பழுப்பு ஏறும். கீழே தரை டிக்கெட்டிலிருந்து விசில் கிளம்பும்.

“வெளிச்சம் எம்புட்டு இருக்குங்கது பெருசில்ல பிள்ளே. அது நிக்கிற எடம் சரியா இருக்கணும்.” கார்பனை மாற்றும்போதெல்லாம் இதையே ஏதாவது ஒரு விதத்தில் சொல்வார். எனக்கு அப்போது பத்து வயது.

பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் நீள்வட்டம் நடத்தினார். ஒரு குவியத்திலிருந்து கிளம்பும் கதிர் வளைவில் பட்டு மற்றொரு குவியத்துக்குப் போய்ச் சேரும் என்று கரும்பலகையில் போட்டார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அப்பாவின் குழிக்கண்ணாடி அது! பொறி நிற்பது ஒரு குவியம்; ஃபிலிம் ஓடும் சின்னச் சதுரம் மற்றொரு குவியம். அன்று சாயங்காலம் கேபினுக்கு ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் எட்டாம் வகுப்பு. “அப்பிடியா, அதுக்குக் கணக்கு இருக்கா” என்று கேட்டுவிட்டு, நான் வரைந்த தாளை வாங்கி ரீல் பெட்டியின் மூடிக்குள் ஒட்டி வைத்துக்கொண்டார்.

திருநெல்வேலியில் பிஎஸ்சி இயற்பியல், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்எஸ்சி. ஒளியியல் தாளில் எப்போதும் நல்ல மதிப்பெண். நியூட்டன் வளையம், நிறமாலைமானி, கீற்றணி எல்லாம் செய்து பதிவேட்டில் படம் வரைந்தோம். ஆனால் அந்த ஐந்து வருடங்களில் ஒருமுறைகூட, ஆய்வகத்துச் சுவரில் தொங்கும் டியூப்லைட்டைக் காட்டி, மேசையின் இந்த மூலையில் இதன் வெளிச்சம் எவ்வளவு என்று யாரும் கேட்டதில்லை. லூமென், கேண்டெலா, லக்ஸ் மூன்றையும் அலகுகளாக மனப்பாடம் செய்தோம். அளந்ததில்லை. ஆசிரியர்களைக் குற்றம் சொல்லவில்லை. அவர்கள் நல்லவர்கள், பாடத்திட்டம் அவர்களுக்கு அந்த இடத்தை விட்டுவைக்கவில்லை. மின்பொறியியல் படித்த என் தம்பிக்கு ஒளியூட்டல் என்பது ஒரு தாளில் ஓர் அலகு. அதில் வாட் கணக்கு இருந்தது, லென்ஸ் இல்லை. எங்களுக்கு லென்ஸ் இருந்தது, விளக்கு இல்லை. இரண்டு துறைகளுக்கும் நடுவே ஒரு சுவர் நின்றது. தெருவிளக்கு அந்தச் சுவரின் மேல் ஏறி நிற்கிற பொருள்.

கேட் தேர்வு எழுதி, 2002-ல் ஐஐடி டெல்லியில் பயன்பாட்டு ஒளியியலில் எம்டெக் சேர்ந்தேன். இயற்பியல் முதுகலை படித்தவர்களுக்குப் பொறியியல் கதவு திறக்கும் மிகச் சில இடங்களில் அது ஒன்று. அங்கேதான் கண்ணாடியைக் கையால் தேய்க்கக் கற்றேன். எமரித் தூளில் மணிக்கணக்காகத் தேய்த்து, பிசின் தட்டில் மெருகேற்றி, கத்திமுனைச் சோதனையில் வைத்தால், மயிரிழையில் பல நூறில் ஒரு பங்கு மேடும் பள்ளமும் மலைத்தொடர் மாதிரி நிழல் விழுந்து தெரியும். கைக்கும் கண்ணுக்கும் அப்படி ஒரு பழக்கம் கிடைத்தது என் பாக்கியம். ஆனால் அங்கும் படிப்பு முழுக்கப் பிம்பத்தைப் பற்றியது: தொலைநோக்கி, கேமரா, நுண்ணோக்கி. பொருளின் ஒரு புள்ளியைப் பிம்பத்தின் ஒரு புள்ளிக்குக் கொண்டுபோவது எப்படி என்பதுதான் பாடம்.

வேலைக்கு வந்த இடம் சென்னைக்கு வெளியே ஒரு வாகன விளக்குத் தொழிற்சாலை. முதல் வாரத்திலேயே மூத்த பொறியாளர் சொன்னார்: “பிம்பத்தை மறந்துடும்மா. இங்க யாருக்கும் பிம்பம் வேணாம். வெளிச்சம்தான் வேணும்.” விளக்கின் பிம்பத்தை ரோட்டில் விழவைத்தால் அது தழும்பு தழும்பாகத் தெரியும். ஒளி வேண்டும், ஆனால் அது எங்கிருந்து வந்தது என்பதன் சுவடு இருக்கக் கூடாது. பிம்பம் சாராத ஒளியியல் என்று இதற்கே தனித் துறை உண்டு. அமெரிக்க இயற்பியலாளர் ரோலண்ட் வின்ஸ்டன் 1960-களில் இதற்கு அடித்தளம் போட்டார். நான் வேலைக்கு வந்த பிறகுதான் அந்தப் பெயரையே கேள்விப்பட்டேன். இரண்டு வருடம் ராத்திரி ராத்திரியாக நானே படித்தேன்.

கார் ஹெட்லைட்டின் தாழ்ந்த ஒளி எப்படி உண்டாகிறது என்று அப்போதுதான் புரிந்தது. ஹாலஜன் பல்பின் இழை ஐந்தாறு மில்லிமீட்டர் நீளம். ரிஃப்ளெக்டரில் இருக்கும் ஒவ்வொரு சின்ன முகமும் அந்த இழையின் ஒரு கீற்றை ரோட்டில் கொண்டுபோய் வைக்கிறது. பல்புக்கு அருகே இருக்கும் முகம் பெரிய கீற்றைத் தரும். தூரத்து முகம் சின்னதைத் தரும். வெற்றிலைக்காரர் கவுளி அடுக்கும்போது காம்புகளை ஒரே மட்டத்தில் தட்டி வைப்பாரே, அந்த மாதிரி இந்தக் கீற்றுகளின் மேல் ஓரங்களை ஒரே கோட்டுக்குக் கீழே வரிசையாக அடுக்க வேண்டும். அந்தக் கோட்டுக்கு மேலே இருட்டு, கீழே வெளிச்சம். இடதுபக்கம் ஓட்டும் நம் நாட்டில் கோட்டின் இடது பாதி 15 டிகிரி மேலே ஏறும்; ஓரமாக நடப்பவரும் பெயர்ப்பலகையும் தெரிவதற்காக. வலது பாதி படுக்கையாகவே இருக்கும். எதிரே வருபவரின் கண்ணுக்காக. இருட்டறையில் 25 மீட்டர் தள்ளி இருக்கும் சுவரில் நான் வடிவமைத்த முதல் கோடு விழுந்த அன்று அப்பாவுக்கு ஃபோன் செய்தேன். நீலம் தட்டவில்லையே என்று கேட்டார்.

இப்போது அந்த ஹெட்லைட்டுக்கு என்ன நடக்கிறது பாருங்கள். ஹெச்4 என்ற ஹாலஜன் பல்புக்குள் தாழ்ந்த ஒளிக்கான இழைக்கு அடியில் நகக்கண் அளவில் ஒரு உலோகக் கிண்ணம் இருக்கும். மேலே போகக் கூடாத ஒளியைத் தடுப்பது அந்தக் கிண்ணம்தான். பல்பைக் கழற்றிவிட்டுக் கடையில் வாங்கிய எல்இடி பல்பைச் செருகினால், ஒளி கிளம்பும் இடம், அளவு, திசை மூன்றும் மாறிப்போகின்றன. ரிஃப்ளெக்டரின் நூற்றுக்கணக்கான முகங்களும் இல்லாத இழைக்காகக் கணக்கிடப்பட்டவை. கோடு கலைந்து, ஒளி எதிரே வருபவர் முகத்தில் அடிக்கிறது. மாட்டிக்கொண்டவருக்குத் தன் பம்பருக்கு முன்னால் பளிச்சென்று இருப்பதால் திருப்தி. தூரத்தில் ரோடு முன்பைவிட மங்கலாகத்தான் இருக்கும். ராத்திரி பைபாஸில் வண்டி ஓட்டும் எல்லோரும் இதை அனுபவிக்கிறோம். ரோட்டோரம் ஒரு வெள்ளைச் சுவர் முன்னால் வண்டியை நிறுத்திப் பார்த்தால் பத்து விநாடியில் தெரிந்துவிடும் குற்றம் இது. தகுதிச் சான்று கொடுக்கும் இடத்தில் அந்தக் கோட்டைப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

2008 வாக்கில் எல்இடி எங்கள் மேசைக்கு வந்தது. நீல எல்இடிக்காக அகாசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் கிடைத்தபோது எங்கள் அலுவலகத்தில் கேசரி கிண்டிக் கொடுத்தோம். நீலத்தின் மேல் மஞ்சள் பாஸ்பரைப் பூசினால் வெள்ளை. அதன் தொல்லையையும் கூடவே கற்றோம். சாய்ந்து கிளம்பும் கதிர் பாஸ்பருக்குள் அதிக தூரம் போகிறது, அதனால் ஓரங்களில் மஞ்சள் ஏறும். ஒருமுறை கோயம்புத்தூரில் ஒரு டூல் ரூமில் செய்த லென்ஸில் வெளிச்சத்தைச் சுற்றி அழுக்கு மஞ்சளாக ஒரு வளையம். கணினியில் ஒரு கோடிக் கதிர்கள் ஓட்டிப் பார்த்திருந்தேன், அதில் வளையம் இல்லை. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். மோல்டுக்கு மெருகேற்றும் பெரியவர் என் வரைபடத்தைப் பார்க்கவே இல்லை. லென்ஸை ஜன்னலுக்கு நேரே பிடித்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

“ஏனுங்க மேடம், இந்த உள்மூலைய நீங்க கத்திமுனையா போட்ருக்கீங்க. எங்க டூலு அப்படி வராதுங்க. கால் மில்லி உருண்டுதாங்க வரும். அந்த உருளையிலதான் மஞ்சள் நிக்குதுங்க.”

அவர் சொன்னது சரி. கணினியில் மூலை கூர்மையாக இருந்தது, எஃகில் உருண்டிருந்தது. அந்தக் கால் மில்லிமீட்டர் உருட்டையும் சேர்த்துக் கணக்கிட்டேன். திரையில் வளையம் வந்தது. லென்ஸின் வெளிமுகத்தில் நுண்ணிய சொரசொரப்புக் கொடுத்துக் கலைத்தோம். அன்றிலிருந்து மோல்டு செய்பவர் கை எதுவரை போகும் என்று கேட்காமல் ஒரு கோடுகூடப் போடுவதில்லை. இந்தத் தொழிலில் அவர் படித்த படிப்பும் நான் படித்த படிப்பும் சேர்ந்தால்தான் ஒரு லென்ஸ். அவரை மாதிரி ஆட்களுக்கு ஒளியளவியல் சொல்லிக்கொடுக்கும் ஒரு பாலிடெக்னிக் பாடம் இருந்தால், இதே வேலையை அவர் எனக்கு முன்பே செய்து முடித்திருப்பார்.

படிக்க இடமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் ஒளியூட்டப் பொறியியலில் முதுகலைப் படிப்பு இருக்கிறது. கொச்சிப் பல்கலைக்கழகத்தில் ஃபோட்டானிக்ஸ் இருக்கிறது. கிண்டியில் லேசர், மின்னொளியியல் பொறியியல் இருக்கிறது. ஐஐடி டெல்லியைப் பற்றி மேலே சொன்னேன். ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட், கார்ல்ஸ்ருஹே, இல்மேனாவ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களில் விளக்கு என்பது தலைமுறை தலைமுறையாக ஒரு தனிப் பாடத்துறை. வாகன விளக்குத் துறையில் அந்த நாட்டின் கை ஓங்கியிருப்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை என்று நான் நம்பவில்லை. தமிழ்நாட்டில் கார் உற்பத்தி இருக்கிறது, இரு சக்கர வண்டி உற்பத்தி இருக்கிறது, அச்சு வார்க்கும் பட்டறைகள் ஓசூரிலும் கோவையிலும் அம்பத்தூரிலும் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. ஊருக்கு ஊர் இயற்பியல் பட்டதாரிகள் இருக்கிறார்கள். இந்த நாலையும் இணைக்கும் ஒரு படிப்பு மட்டும் போதுமான அளவில் இல்லை. அதனால் எங்கோ ஒரு நாட்டின் ரோட்டு அகலத்துக்கும் கம்ப இடைவெளிக்கும் வடிவமைத்த லென்ஸை டஜன் கணக்கில் வாங்கி, எங்கள் ஊர்த் தெருவில் மாட்டுகிறோம். அதுவும் வாங்கினால் உண்டு.

கல்லூரிகளுக்குப் பேசப் போகும்போது பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, பிசிக்ஸ் படித்தால் வேலை உண்டா என்பது. உண்டு என்று தைரியமாகச் சொல்வேன். ஆரம்பச் சம்பளம் மென்பொருள் வேலையைவிடக் குறைவு, அதை மறைப்பதில்லை. எட்டாம் பத்தாம் வருடத்தில் உங்களைத் தேடி வருவார்கள். உலகம் முழுக்கவே ஆட்கள் குறைவாக இருக்கும் தொழில் இது. கதிர்களை ஓட்டிப் பார்க்கும் மென்பொருளை மூன்று மாதத்தில் கற்றுவிடலாம். கற்க நாளாவது வேறு. எது முடியாது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஐந்து ரூபாய் நாணயம் அளவு லென்ஸில், பென்சில் மாதிரி மெல்லிய கற்றை, ஒளி சிந்தாமல் வேண்டும் என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டார். முடியாது. ஒளியின் பரப்பும் அது விரியும் கோணமும் சேர்ந்த பெருக்கத்தை எந்த லென்ஸாலும் குறைக்க முடியாது. கோணத்தைச் சுருக்கினால் லென்ஸ் பெரிதாகியே தீரும். கலங்கரை விளக்கத்து லென்ஸ் ஆள் உயரத்துக்கு இருப்பது அதனால்தான். சென்னை உயர் நீதிமன்றக் கோபுர உச்சியில் 1894 முதல் 1977 வரை விளக்கு எரிந்தது. அந்த மாதிரி விளக்குகளுக்கு வழிகாட்டியவர் பிரான்ஸின் ஃபிரெனல். அவருடைய கண்ணாடி வளையங்கள் 1823-ல், மின்விளக்கே இல்லாத நாளில், எண்ணெய் விளக்கின் ஒளியை அடிவானத்துக்கு அனுப்பின. இருந்த கொஞ்சம் வெளிச்சத்தை, வேண்டிய இடத்துக்கு. பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

வேண்டாத இடத்துக்குப் போகும் ஒளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெசன்ட் நகர் கடற்கரையில் ஆமைக் குஞ்சுகள் முட்டையிலிருந்து வெளிவந்ததும் வெளிச்சம் கூடுதலாக இருக்கும் திசையை நோக்கி ஓடும். இயற்கையில் அது கடல். நம் விளக்குகள் பக்கவாட்டில் ஒளியைச் சிந்துவதால் குஞ்சுகள் ரோட்டை நோக்கி ஓடுகின்றன. மாணவர்கள் 1988-லிருந்து அந்த மணலில் ராத்திரி முழுக்க நடந்து முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். கடலோர விளக்குக்கு ஒரு மறைப்புத் தகடும் சரியான லென்ஸும் இருந்தால் அவர்கள் பாரம் குறையும்.

நான் கேட்பது அதிகம் இல்லை. தெருவிளக்கு வாங்கும் ஒவ்வொரு ஊராட்சியும் நகராட்சியும், விளக்கின் ஒளிப்பரவல் கோப்பைக் கேட்கட்டும்; எல்லாத் திசையிலும் எவ்வளவு ஒளி போகிறது என்று கோணமானியில் வைத்து அளந்த கோப்பு அது. தரமான எந்த உற்பத்தியாளரிடமும் இருக்கும். தன் தெருவின் அகலத்தையும் கம்ப இடைவெளியையும் போட்டுக் கணக்கு வாங்கட்டும். அதற்கான மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. கண்கூச்சத்துக்கு ஒரு வரம்பு எழுதட்டும். மாட்டிய பிறகு பத்துத் தெருவுக்கு ஒரு தெருவாவது அளந்து பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுக்கட்டும். அளக்கும் வேலையை அந்தந்த ஊர் அரசுக் கல்லூரியின் இயற்பியல் துறைக்கே கொடுக்கலாம். ஒரு லக்ஸ் மீட்டர் சில ஆயிரம் ரூபாய்தான். அளக்கப் போகும் பிள்ளைகளில் நாலு பேர் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். கேட்கிற நாலு பேருக்கு மேலே படிக்க, இந்த மாநிலத்திலேயே, இயற்பியலும் மின்பொறியியலும் அச்சுத் தொழில்நுட்பமும் கலந்த ஒரு முதுகலைப் படிப்பு வேண்டும். பாலிடெக்னிக்கில் ஒரு பாடம் வேண்டும்.

அளந்த எண்களை ஒரு தாளில் எழுதி, எங்கள் ஊர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அங்கிருந்தவர் பொறுமையாகக் கேட்டார். விளக்கு எரியவில்லை என்றால்தான் புகார் எழுத அவருக்கு இடம் இருக்கிறது, எரிகிற விளக்கின் மேல் புகார் எழுதப் பதிவேட்டில் பத்தி இல்லை என்றார். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். அன்று மீட்டரைக் கேட்டு வாங்கி அளந்த பிள்ளைகளில் ஒருத்தி இப்போது பதினோராம் வகுப்பு. மீட்டரை அவளிடமே விட்டுவிட்டேன். போன வாரம் அடுத்த மூன்று தெருக்களையும் அளந்து, கம்பத்துக்குக் கம்பம் எண் போட்டு, கட்டக் காகிதத்தில் வரைந்து அனுப்பியிருக்கிறாள். கோயில் தெருவில் நடுப்புள்ளி 2.1 வருகிறதே அக்கா, அங்கே மட்டும் எப்படி என்று கேட்டிருக்கிறாள். அங்கே கம்பங்கள் நெருங்கி இருக்கின்றனவா, விளக்கு வேறா என்று போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.